முப்பத்தொரு வீட்டு வேப்பிலை

ஒன்பது வருஷமாக நான் ஜனங்களுக்கு நல்லது செய்துகொண்டிருந்தேன். அதற்காக என்னை இரண்டு தடவை நாய் கடித்தது. ஒரு தடவை மாடியிலிருந்து சாணித் தண்ணீர் தலையில் விழுந்தது. அல்சூரில் ஒரு பயில்வான், நான் சட்டைக் கையை மடிக்கச் சொன்ன மாத்திரத்தில் என் மேலேயே மயங்கி விழுந்தார். ஒரு வாரம் எனக்குக் கழுத்து திரும்பவில்லை. லீவு கேட்டு எழுதினேன். பணியில் ஏற்படும் காயங்களின் ஜாபிதாவில் பயில்வான் இல்லை என்று பதில் வந்தது.

நான் வாக்ஸினேட்டர். தெருவில் சொல்கிறபடி சொன்னால், அம்மை குத்துகிறவன். என் அப்பா திவான் காலத்தில் அட்டாரா கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். பிள்ளை வெங்கடகிருஷ்ணன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "ஹெல்த் டிபார்ட்மெண்ட்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மல்லேசுவரத்தில் என் வீட்டுக்காரி ருக்கு, சாயங்காலம் நான் கொல்லைக் குழாயடியில் குளித்த பிறகுதான் காபியைக் கண்ணில் காட்டுவாள்.

"ஊர்ல இருக்கிறவா கையையெல்லாம் தொட்டுட்டு வரேளே!" என்பாள்.

தொடாமல் குத்த முடியாது என்று ஒரு தடவை விளக்கினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

எங்கள் ஆயுதம் ஒரு சின்னக் கம்பி. நுனியில் முள் முள்ளாக ஒரு வட்டம் இருக்கும். கையில் ஒரு சொட்டு அம்மைப்பால் வைத்து, அதன்மேல் இந்த வட்டத்தை அழுத்தி ஒரு திருகு திருக வேண்டும். வலிக்காது என்று சொல்ல எங்களுக்கு உத்தரவு. வலிக்கும். என்னோடு ஐஸ் பெட்டியும் ஸ்பிரிட் விளக்கும் தூக்கிக்கொண்டு வருகிறவர் ரெமிஜியஸ். லிங்கராஜபுரத்துக்காரர், ஐம்பது வயது, நாங்கள் போகும் தெருவுக்கெல்லாம் முன்கூட்டியே ஜெபம் செய்துவிட்டு வருவார். அவரை நாய் கடித்ததில்லை.

இனி வேப்பிலை விஷயம். ஒரு வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வெளியாள் உள்ளே போகக்கூடாது. அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வறுக்க மாட்டார்கள். உடம்பில் எழும் கொப்புளத்துக்குக் கொப்புளம் என்று பெயர் கிடையாது, முத்து. குணமாகி முதல் தடவை குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர். எங்கள் ஆபீஸ் விதியும் வேப்பிலைக்கு மரியாதை கொடுத்தது. வாசலில் வேப்பிலை கண்டால் வாக்ஸினேட்டர் உள்ளே நுழையக்கூடாது, நோயாளியின் பெயர், வயதை வெளியே நின்று கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். பிறகு ஒரு மூடிய வண்டி வந்து நோயாளியை ஊருக்கு வெளியே இருந்த தனி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும். ஜனங்கள் அதைக் கறுப்பு வண்டி என்றார்கள். ஏறினவர்கள் திரும்புவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. உண்மையில் மூன்றில் இரண்டு பேர் திரும்பினார்கள். அதை நான் சொன்னால் அந்த மூன்றாவது ஆளைப் பற்றியே கேட்டார்கள்.

1958 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை, சிவாஜிநகர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் மாவுமில் சந்தில் தமுக்கு அடித்து, மறுநாள் அம்மை குத்த வருகிறோம் என்று அறிவித்தோம். செவ்வாய்க்கிழமை போனால் சந்தில் உள்ள முப்பத்தொரு வீட்டு வாசலிலும் வேப்பிலை.

"சார், கோயில் மரத்தப் பாத்துட்டு வந்தேன். மொட்டையா நிக்குது" என்றார் ரெமிஜியஸ்.

முதல் வீடு தனக்கோடியுடையது. சந்துக்கே பெரிய மனுஷி, வாசலில் ஆப்பக்கடை வைத்திருந்தவள். சின்ன வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. அடுப்பில் ஆப்பம் ஊற்றிக்கொண்டே, "அம்மா வந்துகிறா அய்யரே, உள்ள வராதே" என்றாள். நான் ஐயங்கார். அதைச் சொல்ல அது நேரமில்லை.

"யாருக்கு?"

"எனுக்குத்தான்."

"ஒருத்தருக்கு ரெண்டு தடவை வராதே. ஆப்பம் வேற ஊத்திண்டிருக்கேளே."

"அம்மா வந்தா வவுறு பசிக்காதா? நல்லா கேக்கறே போ."

எழுதிக்கொண்டேன். ஐந்தாவது வீட்டில் முனிகிருஷ்ணன் என்கிற துணி மில் தொழிலாளி பாதி முகம் சவரம் செய்த நிலையில் வந்து, தனக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை என்றான். எழுதிக்கொண்டேன். பன்னிரண்டாவது வீட்டில் நோயாளி பெயர் பச்சைமுத்து என்றார்கள். வயது கேட்டேன். இரண்டு. உள்ளேயிருந்து பச்சைமுத்து "மே" என்றது. ஆண், இரண்டு வயது என்று எழுதிக்கொண்டேன். போன வீட்டிலிருந்தெல்லாம் வெங்காயம் தாளிக்கிற வாசனை தாராளமாக வந்துகொண்டிருந்தது.

நான் ஏமாந்துவிடவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நெஞ்சு கொதித்தது. ஒன்பது வருஷம் வெயிலில் சைக்கிள் மிதித்ததற்கு இதுவா மரியாதை? சொல்லுங்கள், எழுதுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பதினேழாவது வீட்டில் லட்சுமம்மா என்கிற அம்மாள் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோயாளி யார் என்றதற்கு, "பொண்ணுக்கு. யசோதா. பத்தொம்போது வயசு" என்றாள் மெதுவாக. அந்த வீட்டில் தாளிக்கிற வாசனை இல்லை. என் மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. முப்பத்தொன்றில் அந்த ஒன்று நிஜம். அந்த வீட்டுக்குள்ளே தூளியில் பிறந்து ஏழு நாளான ஒரு பெண் குழந்தையும் இருந்தது. அம்மை கண்ட வீட்டில் இருக்கும் பச்சைக் குழந்தைக்கு மூன்று நாளுக்குள் குத்திவிட்டால் அநேகமாகப் பிழைத்துவிடும். அதற்குமேல் தெய்வம் விட்ட வழி. இதை நன்றாகப் படித்துப் பரீட்சை எழுதித் தேறின நான், பதினேழு என்று எண் போட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் ஆபீஸில் முப்பத்தொரு தாளையும் கொடுத்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு காகிதம் இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போக ஒரு வாரம் ஆகும். அன்றைக்கென்று எல்லாம் பறந்தது. புதன் காலையில் சந்து முனையில் போலீஸ்காரர் நின்றார். மில்லில் முனிகிருஷ்ணனையும் மற்ற ஆட்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பால்காரன் சந்துக்குள் வரவில்லை. கறுப்பு வண்டியும் வரவில்லை; முப்பத்தொரு பேரை ஏற்ற அது போதாது. தனக்கோடியின் ஆப்பத்தைத் தனக்கோடியே தின்றாள்.

ஹெல்த் ஆபீசர் டாக்டர் சீனிவாசராகவன் என்னைக் கூப்பிட்டார்.

"முப்பத்தொண்ணா? போன மாசம் ஊர் பூரா சேர்த்தே ஏழுதான்யா!"

"ஆமாம் சார்."

"ஒரு நோயாளியையாவது கண்ணால பார்த்தீரா?"

"வேப்பிலையைப் பார்த்தேன் சார். விதியில அவ்வளவுதான் கேட்டிருக்கு."

அவர் தாள்களைப் புரட்டினார். "பச்சைமுத்து, ரெண்டு வயசு. இந்தக் குழந்தை எப்படி இருக்கு?"

"மேஞ்சிண்டிருக்கு சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்குள் என்னை என்ன செய்யலாம் என்று யோசித்து முடித்திருந்தார். "நாளைக்கு அந்த சந்துல ஒரு ஆள் விடாம குத்தும். குத்திட்டு, கேஸ் ஒண்ணும் இல்லை, இங்கிலீஷ்ல நில், அப்படின்னு உம்ம கையால எழுதிக் கொண்டு வாரும். இல்லைன்னா உம்ம வேலையை வேற யாராவது பார்ப்பா."

வியாழக்கிழமை நாங்கள் போனபோது சந்தில் ஒரு வேப்பிலை இல்லை. தனக்கோடி சந்து முனையில் மேஜை போட்டு, அதன்மேல் துணி விரித்து வைத்திருந்தாள். "எல்லாருக்கும் குத்திட்டு இந்தப் போலீஸ்காரன இட்டுக்கினு போய்டு அய்யரே. பேஜாராப் போச்சு" என்றாள். வரிசை நின்றது. ஒருவர் கூட ஓடவில்லை, ஒளியவில்லை. முனிகிருஷ்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். குழந்தைகள் மட்டும் நியாயப்படி அழுதன. நூற்று நாற்பது கை. எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. ஜனங்களைத் திருத்திவிட்டேன் என்று ரெமிஜியஸிடம் சொன்னேன். ரெமிஜியஸ் ஸ்பிரிட் விளக்கைத் துடைத்தார்.

கடைசியாக லட்சுமம்மா வந்தாள். குத்திக்கொண்ட பிறகும் போகவில்லை.

"சாமி, ஒம்போது நாள் கொயந்தைக்கி இத்த குத்தலாமா?"

என் கையிலிருந்த கம்பி நின்றுவிட்டது. ஒன்பது வருஷத்தில் என்னிடம் குத்தாதே என்று கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். குத்தலாமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

"எதுக்கும்மா கேக்கறேள்?"

அவள் தனக்கோடியைப் பார்த்தாள். தனக்கோடி போலீஸ்காரர் காதில் விழாதபடி கிட்டே வந்தாள்.

"இன்னும் இன்னாத்த மறைக்கிறது. இவ பொண்ணு யசோதாவுக்குத்தான் அம்மா வந்துகிறா. திங்கக்கெயம சாயங்காலம் முத்து கண்டுச்சி. பெத்து ஏயு நாளு கூட ஆவல. இவ ஊட்டு வாசல்ல மட்டும் வேப்பில இருந்தா கறுப்பு வண்டி நேரா அங்க வந்து நிக்கும், பச்ச ஒடம்புக்காரிய தூக்கிக்கினு பூடுவாங்க. எல்லா ஊட்லயும் இருந்தா? எந்த ஊடுன்னு நீ தேடுவே, நாளாவும். அதுக்குள்ள தண்ணி ஊத்திடலாம்னு நெனச்சோம். நீ இன்னாடான்னா முப்பத்தொண்ணயும் எய்திக்கினு பூட்டே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காக அந்த இலைகளைச் செருகவில்லை. ஒரு பெண்ணை நடுவில் வைத்து மறைத்து நின்றிருக்கிறார்கள். இன்றைக்கு வரிசையில் நின்றதும் அவளுக்காகத்தான். நான் என் ரோஷத்தை முப்பத்தொரு தாளில் எழுதி அனுப்பிவிட்டு, செவ்வாய்க்கிழமையே குத்தியிருக்க வேண்டிய குழந்தையின் இரண்டு நாளைத் தின்றுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் குத்தக்கூடாது என்று ஒரு விதி. நோய் கண்ட வீட்டில் ஒருவரையும் விடக்கூடாது என்று இன்னொரு விதி. இரண்டையும் எழுதினவர் ஒருவரே. நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். தரையில் வேப்பிலை பரப்பி அதன்மேல் யசோதா படுத்திருந்தாள். முகத்தில் இடமே இல்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. குழந்தை அழுதால் மட்டும் தூளி இருந்த பக்கம் தலை திரும்பியது. குழந்தையின் கை என் பெருவிரல் தடிமன்கூட இல்லை. பாதித் திருகுதான் திருகினேன். அது வீறிட்டது. இனி குழந்தை அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றேன். தனக்கோடி தூளியோடு அவிழ்த்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அன்று சாயங்காலம், ஆபீஸில் கேட்டபடி, நில் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் காபி இறங்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"சார், மாவுமில் சந்துல ஒரு கேஸ் இருக்கு. இது நிஜம்."

"நேத்துதானே நில்னு எழுதினீர்? நானும் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பியாச்சு. அந்த சந்துக்கு இந்த மாசம் அம்மை கிடையாது."

"யசோதாவுக்கு அது தெரியாது சார்."

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "குத்தவேண்டியவா யாராவது மிச்சம் இருக்காளா?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை சார். சந்து பூரா ஆயிடுத்து. அந்த வீட்டுக்குள்ள போக வர ஆளையும் நிறுத்திட்டா."

"அப்போ பரவறதுக்கு இடமில்லை. நீர் தினம் போய்ப் பார்த்துக்கொள்ளும். நான் இதைக் கேக்கலை."

வண்டி வராது என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உத்தியோகஸ்தன் அப்படி நினைக்கக் கூடாதுதான்.

தினமும் போனேன். என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. வந்துவிட்ட அம்மைக்கு மருந்து கிடையாது என்பது அந்த சந்தில் என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. ரெமிஜியஸ் இளநீர் கொண்டுவருவார், லட்சுமம்மா அதைத் துணியில் நனைத்து மகள் உதட்டில் வைப்பாள். யசோதா ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினாள். "பாப்பாவுக்கு மூஞ்சி நல்லா கீதா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். கோலார் சுரங்கத்திலிருந்து அவள் புருஷன் வந்து, நாள் பூரா வாசலில் குந்தியபடி இருந்தான்.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு யசோதா போய்விட்டாள். சந்து முழுக்கக் கூடவே நடந்தது. மில்லுக்கு ஒருவரும் போகவில்லை. ரிஜிஸ்தரில் காய்ச்சல் என்று எழுதினார்கள்.

மறுநாள் எட்டாம் நாள். குத்தின இடத்தில் பிடித்திருக்கிறதா என்று வாக்ஸினேட்டர் பார்த்தாக வேண்டிய நாள். தனக்கோடி வீட்டில் லட்சுமம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் துணியை விலக்கினேன். கையில் ஒரே ஒரு கொப்புளம். வட்டமாக, நடுவில் சின்னக் குழியோடு, புஸ்தகத்தில் படம் போட்டிருப்பது போலப் பழுத்திருந்தது. என் சர்வீஸில் அவ்வளவு நன்றாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

லட்சுமம்மா அதைப் பார்த்தாள். முகம் சாம்பலாகிப் போயிற்று.

"முத்து போட்டுடுச்சே," என்றாள். "இவளயும் எட்த்துக்கினு போவப் போறாளா?"

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு பதறிப்போனேன். அவளிடம் அம்மைப்பால், எதிர்ப்புச் சக்தி என்றெல்லாம் பேசலாம். தெருத்தெருவாக, அம்மை என்பது அம்மன் அல்ல என்று பிரசங்கம் செய்தவன்தான் நான். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"இல்லைம்மா. இது நான் கூப்பிட்டு வந்த அம்மா. ஒரே ஒரு முத்துப் போட்டு, இது என் குழந்தைன்னு அடையாளம் வெச்சுட்டுப் போயிடுவா. இனிமே பெரியவ இந்தப் பக்கம் வரமாட்டா."

"நெஜமா?"

"நிஜம்."

அது அப்படியே ஆயிற்று. குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் லட்சுமம்மா கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. குழந்தையின் கையை மெல்ல மூடினாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"யசோதா பத்து வயசுல இருக்கசொல்ல நீ இந்த சந்துக்கு வந்தே. புதுசா வந்தே அப்போ, சைக்கிள் பளபளன்னு இருந்துச்சி. நான் அவள மாவு மில்லுல மூட்டைக்கிப் பின்னால ஒளிச்சி வெச்சேன். அவ, குத்திக்கினா இன்னா ஆவும், நான் போறேன்மான்னா. நான்தான் வாய பொத்தி வெச்சிக்கினேன். அன்னிக்கு இத்த குத்தியிருந்தா இப்ப அவ இருந்திருப்பாளா?"

இருந்திருப்பாள். கொஞ்சம் காய்ச்சல் வந்து, நாலு முத்துப் போட்டு, பதினைந்தாம் நாள் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அதைச் சொல்வதற்குத்தான் சர்க்கார் என்னை வைத்திருக்கிறது. 

"இல்லைம்மா," என்றேன். "அது ரெண்டு மூணு வருஷத்துக்குத்தான் தாங்கும். அன்னிக்குக் குத்தியிருந்தாலும் இப்ப இப்படித்தான் ஆகியிருக்கும். நீங்க பண்ணினதுல ஒண்ணுமில்லை."

அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். அந்தத் தெருக்களில், வலிக்காது என்பதைத் தவிர, நான் சொன்னதெல்லாம் உண்மை. ஒருத்தரும் நம்பினதில்லை. இதை அவள் நம்பினாள். அதற்குப் பிறகுதான் மகளுக்காக அழுதாள்.